துஜியா பூநெசவில் காப்பாற்ற வேண்டியது எது?

சீனாவின் சாங்ஜியாஜியேவுக்குச் சுற்றுலா போன இடத்தில், துஜியா மக்களின் பாரம்பரிய நெசவு என்று சொல்லி விற்ற ஒரு மேசை விரிப்பை வாங்கி வந்திருக்கிறீர்கள். அந்தக் கலை அழிந்து வருகிறது என்று பிறகு படித்திருக்கிறீர்கள். "பூ வடிவங்களையெல்லாம் கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டு விசைத்தறியில் நெய்தால் போதாதா, எதைக் காப்பாற்ற இவ்வளவு பாடு?" என்பது உங்கள் கேள்வி. இதில் கேட்கப்படுவது உண்மையில் ஒன்றுதான்: காப்பாற்ற வேண்டியது துணியில் தெரியும் பூவா, அந்தப் பூவை இழை இழையாக எண்ணி எழுப்பும் அறிவா? பூ வடிவங்களுக்கு இன்று பெரிய ஆபத்து இல்லை. அருங்காட்சியகங்களிலும் ஆல்பங்களிலும் அவை சேர்ந்துவிட்டன. தேய்ந்து வருவது நெய்யும் கைகள். அந்தக் கைகள் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் கூலி.

நான் கைத்தறித் தொழில்நுட்பம் படித்து, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களோடு வடிவமைப்பு வேலையில் நீண்ட காலம் இருந்தவன். ஒரு துணியைக் கையில் கொடுத்தால் அது எந்த வகைத் தறியில், எப்படி உருவானது என்று பிரித்துப் பார்த்துச் சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. துஜியா துணிகளையும் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆகவே இழை, தறி, கூலி ஆகியவை பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். துஜியா மொழி எனக்குத் தெரியாது. சீன ஆய்வுகளை மொழிபெயர்ப்பின் வழியேதான் படிக்கிறேன். வடிவங்களின் உட்பொருள், அந்த மக்களின் தொன்மை போன்றவற்றில் அறிஞர்களே ஒத்துப்போகாத இடங்களை அப்படியே சுட்டிக்காட்டிவிடுகிறேன்.

துஜியாக்கள் சீன அரசு அங்கீகரித்த 55 சிறுபான்மை இனங்களில் ஒன்று. 1957இல்தான் அவர்களுக்குத் தனி இனம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. 2020 கணக்கெடுப்பின்படி 95 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஹுனான், ஹூபெய், சோங்சிங், குய்சோ ஆகிய நான்கும் சந்திக்கும் வூலிங் மலைப்பகுதி அவர்களுடைய நாடு. தங்களைப் பிசிகா என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய மொழி திபெத்திய-பர்மிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குச் சொந்த எழுத்து இல்லை. இன்று மிகப் பெரும்பாலோர் சீன மொழிதான் பேசுகிறார்கள். நெசவின் நெஞ்சுப்பகுதி என்றால் ஹுனான் மாநிலத்து ஷியாங்ஷி தன்னாட்சி வட்டாரத்தில் உள்ள லோங்ஷான் மாவட்டம். அங்கே யோஷுய் ஆற்றில் வந்து சேரும் ஷீசே ஆற்றின் கரையோரக் கிராமங்களில்தான் இந்தத் தறிகள் அதிகம் நிலைத்திருந்தன. எல்லைக்கு அப்பால் ஹூபெயின் லாய்ஃபெங் பகுதியிலும் இதே நெசவு உண்டு.

ஷிலான்கபு என்று அவர்கள் சொல்லும் இந்தத் துணி சுவரில் மாட்டுவதற்காகப் பிறந்ததல்ல. அது கட்டில் போர்வையின் மேல்துணி. ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு வயதில் தாயின் பக்கத்தில் தறிக்கு உட்காரத் தொடங்குவாள். கல்யாணத்துக்குள் தன் சீர்வரிசைக்கான போர்வைகளைத் தானே நெய்து முடித்துவிட வேண்டும். புகுந்த வீட்டார் அவளுடைய கைத்திறனையும் பொறுமையையும் அந்தப் போர்வைகளைப் பார்த்துத்தான் எடைபோட்டார்கள். புத்தாண்டையொட்டிக் கூட்டமாக ஆடும் கையசைப்பு நடனத்தில் இதைத் தோளில் போர்த்திக்கொண்டு ஆடுவார்கள். குழந்தை பிறந்தால் தாய்வீட்டிலிருந்து தொட்டிலுக்குச் சிறிய பூத்துணி வரும். அதற்கென்றே தாய்தாய்ப் பூ (அவர்கள் வழங்கும் பெயர்; தமிழின் 'தாய்' அல்ல) என்ற தனி வடிவம் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு துணிக்கும் ஓர் ஆள், ஒரு நாள், ஒரு காரணம் இருந்தது. அதனால் மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்த உழைப்புக்கு யாரும் கூலி கணக்குப் பார்க்கவில்லை. கடையில் ஆயத்தப் போர்வை மலிவாகக் கிடைக்கத் தொடங்கி, பெண்ணின் சீரில் அதுவே இடம்பிடித்தபோது, நெய்வதற்கான காரணம் போய்விட்டது. கூலி என்ற கேள்வி முதல்முறையாக எழுந்ததும் அப்போதுதான். இந்த நெசவைக் காப்பதன் எல்லாச் சிக்கலும் அங்கே தொடங்குகிறது.

இனித் தறிக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி தறியில்தான் இருக்கிறது.

இது இடுப்புத் தறி. ஆனால் தரையில் கால்நீட்டி உட்காரும் எளிய வகை அல்ல. மரச்சட்டமும் உட்காரப் பலகையும் உண்டு. பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைகள், சாய்வாக மேலேறிப் பின்பக்கத்து உருளையில் சுற்றியிருக்கும். இந்தப் பக்கத்து முனையோ நெய்பவளின் இடுப்பைச் சுற்றிக் கட்டிய பட்டையோடு பிணைந்திருக்கும். அவள் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், சற்று முன்வந்தால் தளரும். இழையை எப்போது விறைப்பாக வைப்பது, எப்போது இளக்குவது என்பதை ஒரு திருகாணி தீர்மானிப்பதில்லை. அவளுடைய முதுகு தீர்மானிக்கிறது. கைகள் எட்டும் தூரமே துணியின் அகலம் என்பதால் ஒரு பட்டி ஏறக்குறைய 40, 50 செ.மீ.க்கு மேல் போகாது. ஆகவே ஒரு போர்வைக்கு மூன்று பட்டிகளை நெய்து, பூவோடு பூ பொருந்தும்படி பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள். முதல் பட்டியை நெய்தபோது இருந்த அழுத்தத்தை மூன்றாவது பட்டிவரை அவள் மாறாமல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றும் சேரும் இடத்தில் பூக்கள் ஏறியும் இறங்கியும் நிற்கும். நூலை முறுக்குவது, சாயம் தோய்ப்பது, பாவு ஓடுவது, சீப்பு போன்ற அச்சில் இழை கோப்பது, இழைகளைத் தூக்கும் நூல்கண்ணிகளான விழுது கட்டுவது என்று தொடங்கி, பூவை எடுத்து நெய்வது வரை பன்னிரண்டு படிகளாக இந்த வேலையை அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள்.

பூவை எடுக்கும் அந்தக் கடைசிப் படியை மட்டும் சற்று நெருங்கிப் பாருங்கள். பாவு பெரும்பாலும் கறுப்பு, கருநீலம், அல்லது சிவப்பு என ஒரே அடர்நிறமாக இருக்கும். மிதியை அழுத்தினால் இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும். கொம்பு, எலும்பு, மூங்கில் இவற்றில் ஒன்றால் செய்த கூர்முனைக் கோல் ஒன்றை அவள் வைத்திருப்பாள். அதன் முனையால் இழைகளை எண்ணி, வேண்டியவற்றை மட்டும் தூக்குவாள். தூக்கிய இடைவெளிக்குள் தடித்த வண்ண நூலை விரலால் நுழைப்பாள். அந்த நிறம் எந்த இழையோடு முடிய வேண்டுமோ அங்கேயே நூலைத் திருப்பிவிட்டு, பக்கத்தில் அடுத்த நிறத்தைத் தொடங்குவாள். இப்படி ஒரு வரிசை நெடுகப் பூநூல் நிரம்பிய பிறகு, துணியைப் பிடித்துவைக்கும் மெல்லிய ஊடை (குறுக்கிழை) ஒன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும். அதன்பின் மறுபடி எண்ணிக்கை. நம் ஊர்ச் சேலையில் புட்டா போடும்போது, பூவின் அகலத்துக்கு மட்டும் தனி நூலை ஓட்டித் திருப்புவார்களே, தத்துவம் அதுதான். வேறுபாடு என்னவென்றால், இங்கே புட்டாவுக்கு இடையில் வெற்றிடம் என்பது கிடையாது. துணி முழுவதுமே பூவால் மூடியிருக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்தத் துணியைப் பார்த்து மலைத்துப்போனவர்களுக்கும் பலசமயம் இது தெரிவதில்லை. அவள் நெய்வது துணியின் பின்பக்கத்திலிருந்து. பூவின் முகம் கீழே தரையைப் பார்த்திருக்கும். அவள் கண்ணுக்குத் தெரிவது திருப்பங்களும் தொங்கும் நூல்முனைகளும்தான். வடிவம் முழுவதும் இடவலம் மாறிய நிலையில் அவள் நினைவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூத்த நெசவாளிகள் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு நெய்யவில்லை. ஒரு பழைய துணியைப் பக்கத்தில் வைத்து எண்ணினார்கள், அல்லது மனத்திலிருந்தே எடுத்தார்கள். எண்ணிக்கையில் ஓரிழை பிசகினால் சாய்கோடு அந்த இடத்தில் உடையும், அதற்குமேல் வரும் ஒவ்வொரு வரிசையும் அந்தப் பிசகைச் சுமந்துகொண்டே போகும். பிரித்துவிட்டுத் திரும்ப நெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது விசைத்தறியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஜக்கார்டு முறை 1804இல் பிரான்சில் உருவானது. எந்த வரிசையில் எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அட்டையில் துளையிட்டுப் பதிந்துவைப்பது அதன் அடிப்படை. இன்று அட்டைக்குப் பதில் கணினிக் கோப்பு வந்திருக்கிறது. நாற்பத்தெட்டுக் கொக்கிப் பூ என்ற பெரிய மரபு வடிவத்தைக்கூட இதில் நெய்துவிடலாம், சந்தேகமே இல்லை. ஆனால் சாதாரண ஜக்கார்டு விசைத்தறியில் ஒவ்வொரு நிற ஊடையும் துணியின் அகலம் முழுவதும் ஓட வேண்டும். முகப்பில் தெரியாத இடங்களில் அது பின்பக்கத்தில் மிதந்துகொண்டோ துணிக்குள் புதைந்தோ கிடக்கும். ஆகவே ஒரு நிறத்தைக் கூட்டினால் நூலும் கனமும் செலவும் கூடும். தயாரிப்பாளர் நான்கைந்து நிறத்தோடு நிறுத்திக்கொள்வார். கையால் நெய்பவளுக்கு அந்தத் தடை இல்லை. ஒரு வைரக்கட்டத்துக்குள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு புது நிறம் வைக்க வேண்டும் என்றால், அந்த அளவுக்கு நூல் போதும். அதனால்தான் பழைய போர்வைகளில் ஒரே வடிவம் பத்து முறை திரும்ப வந்தாலும், பத்திலும் நிறங்கள் ஒரே மாதிரி அமைவதில்லை. எந்தக் கொக்கிக்கு எந்த நிறம் என்பதை அவள் தறியில் உட்கார்ந்த இடத்திலேயே, முந்தைய வரிசையைப் பார்த்து முடிவுசெய்கிறாள். இந்த முடிவெடுக்கும் அறிவு கோப்பில் ஏறுவதில்லை. கோப்பில் ஏறுவது, யாரோ ஒருத்தி என்றோ ஒரு நாள் எடுத்த ஒரு முடிவு. நான் கைநெசவு வேண்டும் என்று சொல்வதற்கு முதல் காரணம் இது. கையால் செய்தது எல்லாமே உயர்ந்தது என்ற மயக்கம் எனக்கு இல்லை.

வடிவங்களைப் பற்றி. இருநூற்றுக்கும் மேற்பட்ட மரபு வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. எட்டுக் கொக்கி, இருபத்துநான்கு கொக்கி, நாற்பத்தெட்டுக் கொக்கி, பெரும்பாம்பு, பூனையின் காலடித்தடம், புலித்தோல், நாற்காலி, படகு, கற்சுவர், குயில்பூ, ஐந்து அரசமுத்திரைகள், எலிக்கல்யாணம் என்று பெயர்களைக் கேட்டாலே அந்த மலைக்கிராமத்தின் காடும் வீடும் கண்முன் வரும். இழையை எண்ணி எழுப்பும் வடிவங்கள் என்பதால் வளைகோடு படிப்படியாக உடைந்து கோணமாகிறது. பாம்பும் பூவும் கட்டங்களாக மாறுவது இந்தத் தறியின் இலக்கணம். இதுவரை உறுதி. ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் விற்பனையாளர்கள் ஒப்புவிக்கும் உட்பொருளை அவ்வளவு உறுதியாக ஏற்க வேண்டாம். நாற்பத்தெட்டுக் கொக்கியைச் சூரியன் என்பவர்கள் உண்டு, தவளை என்பவர்கள் உண்டு, கொடியின் சுருள் என்பவர்களும் உண்டு. தாய்தாய்ப் பூவைப் புலிமுகம் என்றும், துஜியாக்கள் மூதாதையாக வணங்கும் வெள்ளைப்புலி குழந்தையைக் காப்பதற்காகத் தொட்டிலில் வந்து நிற்கிறது என்றும் சொல்கிறார்கள். புலிவழிபாடு உண்மை. அந்தப் பூ தொட்டில்துணிக்கு உரியது என்பதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போடும் விளக்கம் அழகானது, நடந்திருக்கவும் கூடும். அதற்குமேல் அழுத்திச் சொல்ல ஆதாரம் போதாது.

ஷிலான் என்ற பெண்ணின் கதையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மலையிலுள்ள பூக்களையெல்லாம் நெய்துவிட்டு, நள்ளிரவில் மட்டும் பூக்கும் கிங்கோ மரத்தின் பூவைப் பார்ப்பதற்காக அவள் இரவில் மரத்தடிக்குப் போகிறாள். அண்ணி கோள்மூட்டிவிட, குடிபோதையில் இருந்த தந்தை அவளை வெட்டிவிடுகிறார். இது நாட்டுக்கதை. நெசவின் தோற்றத்துக்கு வரலாற்றுச் சான்றாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் இரவெல்லாம் கண்விழித்து ஒரு பூவைப் படிக்கும் பெண்ணைக் குடும்பம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சாட்சியம் வேண்டியதில்லை.

"இரண்டாயிரம் ஆண்டு பழைமை" என்ற விளம்பர வாசகத்தையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னைய ஹான் அரசமரபின் வரலாற்று நூல், வூலிங் மலைமக்களிடமிருந்து துணியை வரியாக வாங்கியதைக் குறிப்பிடுகிறது. பெரியவருக்கு இவ்வளவு, சிறுவருக்கு இவ்வளவு என்று அளவும் தருகிறது. ஆகவே அந்த மலையில் அன்றே நெசவு இருந்தது, அது வெளியே மதிக்கவும் பட்டது. அந்த வரித்துணிதான் இன்றைய ஷிலான்கபு என்று காட்ட இடையில் தொடர்ச்சியான துணிச்சான்று வரிசை இல்லை. துஜியாக்கள் பா என்ற பழங்கால மக்களின் வழித்தோன்றல்கள் என்ற கருத்து செல்வாக்கானது, ஆனாலும் அதிலும் விவாதம் உண்டு. நன்றாகப் பதிவாகியிருப்பது பிற்காலம். பெங் குடும்பத் தலைவர்கள் 910 முதல் 1728 வரை, எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இந்தப் பகுதியை ஆண்டார்கள். அவர்களுடைய தலைநகரின் இடிபாடு 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. 1720களில் சிங் அரசு பரம்பரைத் தலைவர்களை நீக்கிவிட்டு நேரடி நிர்வாகத்தைக் கொண்டுவந்தபின் சீனாவின் பெரும்பான்மையினரான ஹான் இனத்தவரின் குடியேற்றமும் வணிகமும் பெருகின. பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும், டிராகன் வாயிலைத் தாண்டும் கெண்டை மீன், நல்வாழ்வு நீளாயுள் எழுத்துகள் என்று சீனாவெங்கும் பொதுவான உருவங்கள் இந்தத் துணியிலும் கலந்திருக்கின்றன. ஆகவே தூய வடிவம், கலப்பு வடிவம் என்று கோடு கிழித்துக் காப்பாற்றப் புறப்படுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கலந்து கலந்துதான் இது உயிரோடு இருந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த நெசவு அறுந்துபோகாமல் வந்ததற்கு ஒரு பெண்ணை முதலில் சொல்ல வேண்டும். லோங்ஷான் மாவட்டத்தைச் சேர்ந்த யே யூசுய். 1911இல் பிறந்தவர், 1992இல் மறைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட மரபு வடிவங்கள் அவர் கைவசம் இருந்தன. 1950களில் மலைப்பகுதி மேம்பாடு போன்ற புதிய காட்சிகளையும் அதே தறியில் நெய்தார். 1988இல் சீனக் கைவினைக் கலை மேதை என்ற பட்டம் பெற்றார். உறவுப்பெண்ணான யே ஷுய்யுன் சிறுமியாக இருந்தபோதே அவரிடம் கற்கத் தொடங்கினார். 1980களில் ஷியாங்ஷியில் தொழிற்கூடங்கள் முளைத்தன, சுற்றுலாவுக்கும் ஏற்றுமதிக்கும் பூத்துணி போனது. அடுத்த பத்தாண்டில் அந்த அலை வடிந்தது. கடலோர மாநிலங்களில் தொழிற்சாலைகள் திறந்து ஆள் தேடின. தறியில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதுப் பெண்கள் குவாங்டோங்குக்கும் ஜெஜியாங்குக்கும் ரயிலேறினார்கள். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தையல்கூடத்தில் மாதம் முடிந்தால் சம்பளம் வந்துவிடும். தறியில் மாதம் முடிந்தாலும் அரைப் போர்வைதான் இருக்கும்.

அரசு என்ன செய்தது? 2006இல் வெளியான சீனாவின் முதல் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் துஜியா நெசவு இடம்பெற்றது. 2007இல் யே ஷுய்யுன், லாவ்சே கிராமத்தைச் சேர்ந்த லியூ டாய்-எ இருவரும் தேசிய அளவிலான மரபுரிமையாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். 2011இல் மரபுக்கலைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. தேசிய மரபுரிமையாளருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை உண்டு. அது 2016 முதல் 20,000 யுவான். பெற்றுக்கொண்டு சும்மா இருக்க முடியாது, மாணவர்களைச் சேர்க்க வேண்டும், கற்பித்ததைக் காட்ட வேண்டும். கடமையைச் செய்யாவிட்டால் தகுதியை நீக்கவும் விதி இருக்கிறது. தொழிற்கல்லூரிகளில் வகுப்புகளும் குறுகியகாலப் பயிற்சிகளும் நடக்கின்றன. இவை எல்லாம் நன்மைதான். பட்டியலில் பெயர் ஏறியதால் ஒரு கிராமத்துப் பாட்டியின் வேலைக்கு அவள் வீட்டிலேயே மதிப்பு வந்தது என்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருப்பதாக எனக்குப் படுகிறது. பணமும் பட்டமும் உச்சியில் இருப்பவருக்குப் போகின்றன. நெசவு நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பவள் அவருக்கு இரண்டு படி கீழே, கற்றுக்கொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண். விற்கத் தகுந்த துணி கையில் வரும்வரை அவளுக்கு வருமானம் இல்லை. ஒரு குறுகியகாலப் பயிற்சியில் எட்டுக் கொக்கியை நெய்யப் பழகிவிடலாம். விழுது கட்டவும், பாவில் வந்த கோளாறைக் கண்டுபிடிக்கவும், மூன்று பட்டியும் பொருந்தும்படி கையை ஒரே சீராக வைத்திருக்கவும் ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது என்பதற்குப் பதில் இல்லாமல் எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும், பயிற்சி முடிந்த மறுவாரம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கைத்தறியில் நான் பார்த்த எல்லாப் புத்துயிர்ப்புத் திட்டங்களிலும் இதே இடத்தில்தான் நூல் அறுகிறது. கற்கும் காலத்தில் உள்ளூர்த் தொழிற்சாலைக் கூலிக்குக் குறையாத மாத ஊதியம், கற்றபின் குறைந்தது சில ஆண்டுகளுக்கு உறுதியான கொள்முதல். இந்த இரண்டும் இருந்தால் மற்றவை தாமாகவே நடக்கும் என்பது என் கணிப்பு. இது கணிப்புதான், நிரூபணம் அல்ல. ஆனால் அனுபவத்திலிருந்து வந்த கணிப்பு.

விலைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு முழுப் போர்வை மூன்று மாத வேலை என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதத்துக்கு ஒரு தொழிற்சாலைச் சம்பளம், அதன்மேல் நூல், சாயம், கடைக்காரரின் பங்கு. இவ்வளவும் சேர்ந்தால்தான் நியாயமான விலை. பக்கத்துக் கடையில் விசைத்தறித் துணி அதன் மிகச்சிறு பங்கு விலைக்கு, அதே பெயரோடு, அதே கதையோடு தொங்குகிறது. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாவிட்டால் எந்தக் கைத்தறியும் இந்தப் போட்டியில் நிற்காது. ஆகவே விசைத்தறித் துணி இருக்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. அது விசைத்தறி என்று எழுதி விற்கட்டும். கைநெசவுத் துணியில் நெய்தவரின் பெயரும் ஊரும் இருக்கட்டும். மானியத்தைவிட இந்த ஒரு நேர்மை அதிக நன்மை செய்யும் என்று நம்புகிறேன்.

கணினிப் பதிவு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கட்டாயம் செய்ய வேண்டும். பழைய போர்வைகள் வீடுகளிலிருந்து வணிகர் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் முகப்பை மட்டும் படமெடுத்துக் கட்டத்தாளில் ஏற்றினால் கிடைப்பது பாதிதான். பின்பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். நூல் எங்கே திரும்புகிறது, அடித்துணி சாதா நெசவா சாய்நெசவா, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை, யார் நெய்தது, எந்தக் கல்யாணத்துக்கு என்பதெல்லாம் பதிவாக வேண்டும். மூத்தவர்கள் தறியில் இருக்கும்போது கைக்கு நேர் மேலே கேமராவை வைத்து, அவர்கள் வாய்விட்டு எண்ணுவதையும் பதிய வேண்டும். எழுத்தில்லாத மொழி என்பதால் தறியுறுப்புகளுக்கும் வடிவங்களுக்கும் உள்ள துஜியாப் பெயர்கள் அவர்களோடு போய்விடக்கூடியவை. சாயமும் அப்படியே. அவுரியிலிருந்து நீலம், கார்டீனியாக் காயிலிருந்து மஞ்சள், சுமாக் என்ற மரத்தின் இலைகளில் உண்டாகும் முடிச்சிலிருந்து கறுப்பு என்று தாவரச்சாயம் தோய்த்த கைகள் குறைவு. செயற்கைச் சாயமும் அக்ரிலிக் நூலும் வந்து பல காலமாகிறது. அக்ரிலிக் வேண்டாம் என்று கிராமத்துப் பெண்ணிடம் போய் உபதேசிக்க நான் தயாரில்லை. தாவரச்சாயப் போர்வைக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் வந்தால் அவளே அதை நெய்வாள்.

அதேபோலப் போர்வையை விட்டுவிட்டுக் கைப்பை, தலையணையுறை, கழுத்துத்துண்டு நெய்வதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. 40 செ.மீ. பட்டி கைப்பைக்கும் கழுத்துத்துண்டுக்கும் இயல்பாகப் பொருந்தும் அகலம். சிறு துணி சீக்கிரம் முடியும், சீக்கிரம் காசாகும், கற்பவளுக்கு ஊக்கம் வரும். கவலைப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: எல்லோரும் சீக்கிரம் முடியும் நான்கு வடிவங்களையே நெய்துகொண்டிருந்தால், நாற்பத்தெட்டுக் கொக்கியை எடுக்கத் தெரிந்தவர் ஒரு தலைமுறையில் இல்லாமல் போவார். ஆகவே அருங்காட்சியகங்களும் அரசு அலுவலகங்களும் பெரிய விடுதிகளும் முழுப் போர்வைகளுக்கு ஆண்டுதோறும் ஆர்டர் கொடுப்பது நல்லது. பெரிய வடிவங்கள் தறியை விட்டு இறங்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது.

கடைசியாக உங்கள் மேசை விரிப்பு. அதைத் திருப்பிப் போட்டு ஒரே ஒரு நிறத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். அந்த நூல் பூவின் ஓரத்தில் திரும்பி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறதா, நிறம் மாறும் இடங்களில் சிறு முனைகள் தெரிகின்றனவா? அப்படியானால் கைநெசவு. அதே நூல் கரையிலிருந்து கரைவரை பின்பக்கத்தில் நீளமாக மிதந்து ஓடினால், அல்லது உள்ளே புதைந்து மறுபடி மறுபடி தலைகாட்டினால் விசைத்தறி. அகலம் அரை மீட்டரைத் தாண்டியிருந்து நடுவில் தையலே இல்லை என்றால் அது இடுப்புத் தறியில் பிறந்திருக்க வாய்ப்பில்லை. விசைத்தறித் துணி என்று தெரிந்தால் வருந்த வேண்டாம், மேசையில் தாராளமாக விரியுங்கள். உங்கள் நண்பர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் லோங்ஷானுக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். 2019 இறுதியிலிருந்து அந்த மாவட்டத்துக்கு ரயில் வந்துவிட்டது, சாங்ஜியாஜியேவிலிருந்து ஏறிப் போகலாம். தறி இருக்கும் வீட்டில், நெய்தவரிடமே, ஒரு முழ அகலத்துக்குச் சிறிய துண்டாக இருந்தாலும் பேரம் பேசாமல் வாங்கட்டும். முடிந்தால் அடுத்த ஆண்டுக்கு ஒரு போர்வைக்குச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வரட்டும்.